வினையும் மருந்தும்

திருச்சிற்றம்பலம்

வினைக் கொள்கை சைவ சித்தாந்தத்தின் அடிநிலைகளுள் ஒன்று. அதனை ஏட்டில் ஓதும்போது எழாத ஐயங்கள் சில, உடம்பிற்கு ஊறு நேர்ந்து படுக்கையிற் கிடக்கும்போது எழுகின்றன. அவ்வையங்களைக் களையாத கல்வி, வேண்டுழி உதவாத படைக்கலம் போல்வதாம். ஆதலின், இக்காலத்து நாடோறும் நிகழும் ஓர் இடுக்கணை முன்வைத்து, வினையென்னும் சொல்லை யார், எவ்விடத்து, எப்பொருளில் வழங்குதல் தகும் என்பதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புதுவை நகரின்கண் வாழும் சிவனடியார் ஒருவர், ஈசுவரன் கோயில் தெருவில் எழுந்தருளியுள்ள வேதபுரீசுரரை வழிபட்டு மீளுங்கால், விரைந்து வந்த மோட்டார் வண்டியொன்று மோத, முழங்கால் சிதைந்து வீழ்ந்தார் என்று கொள்வோம். கூடினோருள் ஒருவர், ‘அவர் வினை அவருக்கு, நமக்கென்ன?’ என்று அகன்றார். வண்டி செலுத்தினோர், ‘எல்லாம் விதிப்படி நடக்கின்றது, என் கையில் யாதுளது?’ என்றார். மருத்துவர் முழங்காலுக்கு அறுவை வேண்டுமென்று உரைத்தபின் காணவந்த உறவினர், ‘முன்வினையை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டும், அறுத்து மாற்ற முயல்வது சிவனாணையைத் தடுப்பதன்றோ?’ என்றார். மூவர் வாயிலும் வந்தது வினையென்னும் ஒரு பொருளே. மூவரும் சித்தாந்தம் பேசியவராவரோ? படுத்திருக்கும் அடியார் தாமும் ‘இஃது என் வினை’ என்று எண்ணுவாராயின், அவர்க்கும் அம்மூவர்க்கும் வேற்றுமை யாது?

இவ்வினா ஒருவர் இருவரைப் பற்றியதன்று. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 4,61,312 சாலை விபத்துக்கள் நிகழ்ந்து, 1,68,491 உயிர்கள் மாய்ந்தன என்றும், 4,43,366 பேர் காயமுற்றனர் என்றும் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. இத்துணைப் பெருந்துன்பத்தின் முன் ஒரு கொள்கை பேசுமாயின், அது தெளிவாகப் பேசுதல் வேண்டும்.

முதற்கண் நூற்றுணிபை நினைவுகூர்வாம். வினை சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூவகைப்படும். பிறவிதோறும் ஈட்டிக் கிடந்தது சஞ்சிதம். அதனுள் இவ்வுடம்பின் வாயிலாக நுகர்தற்கு முகந்து கொள்ளப்பட்டது பிராரத்தம். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களால் மேலும் ஈட்டப்படுவது ஆகாமியம். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவின்கண்ணே அமைந்தன என்பது அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் உரைத்த துணிபு. இனி, வினை சடமாகலின் தானே வந்து பற்றமாட்டாது. உயிரோ சிற்றறிவினதாகலின் தனக்குரிய பயனைத் தானே தெரிந்து கொள்ளமாட்டாது. அதனதன் பயனை அவ்வவ்வுயிர்க்குக் கூட்டுவிப்பான் முற்றறிவும் பேரருளும் உடைய இறைவன். அப்பயன் தெய்வத்தின் வழியாகவும், உயிருடைப் பொருள்கள் வழியாகவும், உயிரில் பொருள்கள் வழியாகவும் வந்து சேரும். மோட்டார் வண்டி உயிரில் பொருள். அதனைச் செலுத்துவோன் உயிருடையோன். ஆகவே முழங்காலில் விழுந்த அடி, இருவழியும் கூடிய ஒன்றாம்.

இத்துணையும் ஒப்பிய வழி, உறவினர் கூறியது சரியென்றே தோன்றும். பிணி கருவில் அமைந்ததாயின் மருந்தாற் பயன் என்னை? மருந்தால் நீங்குமாயின் அது கருவில் அமைந்ததன்று. அமைந்ததாயின் மருந்தால் நீங்காது. இஃது அவர்தம் கடா.

அதற்கு விடை கூறுவாம். கருவில் அமைந்தன ஆறனுள் பிணி ஒன்று. பேறும் இன்பமும் அவற்றுட் சேர்ந்தனவே. உணவால் வரும் இன்பம் ஊழில் அமைந்ததென்று கூறி, உலை வையாது இருப்பார் ஒருவரும் இலர். உழவால் வரும் பேறும் அமைந்ததே. அதுபற்றி ஏரைக் கட்டிவைத்தாரும் இலர். பேற்றிற்கும் இன்பத்திற்கும் முயற்சியை வாயிலாகக் கொள்வோர், பிணி நீக்கத்திற்கு மட்டும் வாயிலை அடைப்பது நேர்மையன்று. நோயின் வரவு ஊழாயின், நோய் நீங்கும் காலமும், நீக்கும் மருத்துவனும், அவன் கைக்கருவியும், அவன்பால் செல்லவேண்டும் என்று எழும் நினைவும் அவ்வூழின் புறத்தே நிற்பன அல்ல.

அஃதன்றியும், ‘இவர் இத்துன்பத்தை இத்துணைக் காலம் நுகர்தல் வேண்டும்’ என்று வரையறுத்துரைக்க வல்லார் யார்? பிராரத்தத்தின் அளவு இறைவன் ஒருவனுக்கே புலனாவது. நொண்டியாகவே இருத்தல் ஒருவர்க்கு ஊழென்று அறுதியிட்டுரைப்போர், உயிர்க்கு இல்லாத முற்றறிவைத் தமக்கு ஏற்றிக்கொள்கின்றனர். நடந்து முடிந்ததைப் பார்த்து ‘இது பிராரத்தம்’ என்னலாம். நடவாததை முன்வைத்து அவ்வாறு கூறுதற்குப் பிரமாணம் இல்லை. மேலும், மருத்துவத்தை மறுத்துச் சும்மா இருத்தல் வினையின்மை ஆகாது. மறுத்தலும் ஒரு செயலே. அதன் பயனும் ஆகாமியமாய் வந்து சேரும்.

இனி, மருத்துவனது அறுவை வினைக்கொள்கைக்கு மாறாவதன்று என்பதற்குச் சித்தியாரே சான்று. வினைப்பயனை இறைவன் நுகர்விப்பது அருளே என்று நிறுவுமிடத்து, சுபக்கத்தின் இரண்டாம் சூத்திரத்தில் ஆசிரியர் எடுத்த உவமை மருத்துவனே. சில நோய்களை அறுத்தும் கீறியும், வேறு சிலவற்றைச் சருக்கரையும் பாலும் போல்வன ஊட்டியும் மருத்துவன் தீர்க்கின்றான். இறைவனும் துன்பத்தையும் இன்பத்தையும் ஊட்டி வினையை ஒழிக்கின்றான் என்பது ஆண்டு அமைந்த கருத்து. ஆராயின், அறுவை செய்வோனது கை அருட்செயலுக்கு உவமையாக நிற்கத்தக்க தூய்மை உடையது என்று ஆசிரியர் கொண்டமை விளங்கும். அருளுக்கு உவமையாய் நின்ற தொழிலை அருளுக்குப் பகை என்பது நூலறிந்தார் செயலன்று.

நாயன்மார் வரலாறுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்த காலை, உடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அந்நிலத்தின் இயல்பு அதுவென்று சிலர் விண்ணப்பித்தனர். பெருமான் அதனைக் கேட்டு அமைந்திலர், திருநீலகண்டத் திருப்பதிகம் அருளினார், சுரம் அகன்றது. பிணியை வினையென்று கூறி, உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையாம் என்பது அப்பதிகத்தின் தொடக்கத்தே அவர் அடியார்க்கு உணர்த்தும் பொருள். வினையென்று அறிதலும், அதனின்று உய்யும் வழி நாடலும் ஒன்றற்கொன்று மாறல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த மேற்கோள் வேண்டுமோ?

சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறு இன்னும் நுண்ணியது. திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சபதத்தைக் கடந்தமையால் அவர் கண்ணொளி இழந்தார். தமக்கு நேர்ந்தது எச்செயலின் பயன் என்பது அவர்க்கு ஐயமின்றித் தெரியும். தெரிந்தும், ‘இது என் வினை’ என்று வாளா இருந்திலர். திருத்தலந்தோறும் சென்று முறையிட்டார். திருவெண்பாக்கத்தில் அவர் பெற்றது கண்ணன்று, ஓர் ஊன்றுகோல். அக்கோலைக் கொண்டு வழிநடந்தார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். இடையே திருத்துருத்தியில் உடற்பிணி நீங்க வடகுளத்தில் நீராடுமாறு இறைவன் பணிக்க, அவ்வாறே செய்து பிணி நீங்கினார். திருவாரூரில் வலக்கண் பெற்றார். கோல், ஒரு கண், நீராட்டு, மற்றைக் கண் என்று அருள் படிமுறையாகவே வந்தது. எலும்பு முறிந்து படுத்திருப்போர், இன்று கட்டிலில் எழுந்து அமர்தலும், நாளை கோலூன்றி நான்கடி வைத்தலும், பின்னர்க் கோலின்றி நடத்தலும் இப்படிமுறையிற் சேர்ந்தனவே. முதற்படியில் கோல் வந்தமை கண்டு மனம் உடைதல் வேண்டா.

‘நாயன்மார் இறைவனையே நாடினர், மருத்துவனை நாடினரல்லர்’ என்று மறுப்பர் சிலர். அவர் நாடியது நோய் தீரும் வழியை. அவர்தம் நிலைக்கு அது நேரே வந்தது; நம்மனோர்க்கு அது பிறர் கை வழியாக வருகின்றது. மருத்துவன் கை வழியாக வந்த காரணத்தால் அது சிவனருள் அன்று எனின், உழவன் கை வழியாக வந்த சோறும் அவனருள் அன்றென்றல் வேண்டும்.

இனி, வண்டி செலுத்தினோர் கூற்றை ஆராய்வாம். சைவ இலக்கியத்தில் ஊர்தியால் நேர்ந்த தீங்கு பற்றிய தலையாய வரலாறு மனுநீதிச் சோழனுடையது. திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேர் ஊர்ந்து சென்றபோது, ஓர் ஆன்கன்று அறியாவாறு துள்ளி வந்து சக்கரத்துட்பட்டு இறந்தது. கொல்லும் கருத்து அவனுக்கு இல்லை. தாய்ப்பசு அரண்மனை வாயிலின் ஆராய்ச்சி மணியைக் கோட்டால் அசைத்தது. அமைச்சர், பசுக்கொலைக்கு வேதம் விதித்த கழுவாய் உண்டென்றனர். அரசன் ஏற்றிலன், அம்மகன்மேல் தேர் ஊர்ந்தான், வீதிவிடங்கப் பெருமான் வெளிப்பட்டருள, இறந்தோர் எழுந்தனர்.

இவ்வரலாற்றிற் கூறப்படாத சொல் ஒன்று உண்டு. அரசன், அமைச்சர், இளவரசன், நகரத்தார் என்னும் இவருள் ஒருவரும், ‘கன்றின் வினை அவ்வாறு, இறந்தது’ என்று கூறிற்றிலர். சித்தாந்தப்படி கன்றிற்கும் பிராரத்தம் உண்டு. அதனை மறுப்பார் இலர். ஆயினும் தேர் செலுத்தினோன் பக்கலில் நின்று அதனை எடுத்துரைத்தல் நீதியாகாது. என்னை? அடிபட்டவர்க்கு அது நுகர்ச்சி. அடித்தவர்க்கு அதுவே செய்கை. ஒரே நிகழ்ச்சி ஒருவர் கணக்கிற் செலவாயும் மற்றொருவர் கணக்கில் வரவாயும் எழுதப்படுகின்றது. பிறர் கணக்கிற் செலவு எழுதப்பட்டமை காட்டித் தன் கணக்கின் வரவை அழித்துக்கொள்ள எவராலும் ஆகாது. இறைவன் அவனைக் கருவியாகக் கொண்டான் எனினும், விரைவையும் கவனக்குறைவையும் தெரிந்து மேற்கொண்டது அவனது இச்சையே. அதுபற்றியே அவன் வினைக்கு உரியனாகின்றான்.

புதுவைக்கு மேற்கே வில்லியனூரில் திருக்காமீசுரர் தேர்த்திருவிழாவைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்து ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் தொடுகின்றார். வடம் பிடிப்போர் பலர்; பெருமையும் அவர்க்கே. ஆயினும் சக்கரத்தருகே முட்டுக்கட்டை ஏந்தி, ஒவ்வோர் அடிக்கும் விழிப்போடு செல்பவர் இலரேல் தேர் தெருவில் நில்லாது. பெரிய ஊர்தியை நகர்த்துவது சிறப்பன்று. நிறுத்த வல்லமையே அறம் என்பதனை நம் முன்னோர் தேரில் அமைத்துக் காட்டினர். மோட்டார் வண்டியில் அம்முட்டுக்கட்டை செலுத்துவோனது ஒரு கால் அடியில் அமைந்திருக்கின்றது. அஃதொன்றே வேற்றுமை.

அடிபட்டவர் ஈடு கேட்டு வழக்கிடுதல் தகுமோ என்னும் ஐயமும் இங்ஙனமே தீரும். தாய்ப்பசு மணியை அசைத்தது. அதனைப் பொறுமையின்மை என்று சேக்கிழார் பெருமான் பழித்திலர். முறை வேண்டல் குற்றமன்று. பகைமை வளர்த்தலே குற்றம். ‘இஃது என் வினை’ என்னும் எண்ணம் அடிபட்டவர்க்கு உதவுவது இவ்விடத்தே. அது செலுத்தினோன்மேல் எழும் வெகுளியைத் தணிக்கும். ‘எனக்கு மட்டும் ஏன்?’ என்னும் புலம்பலை அடக்கும். புதிய ஆகாமியம் ஏறாதபடி காக்கும். நோயாளி தன் நெஞ்சோடு சொல்லிக்கொள்ளும்போது அச்சொல் மருந்து. பிறர் அவன்மேல் எடுத்தெறியும்போது அதுவே கல்.

விலகிச் சென்றவர் கூற்றிற்கு நெடிய விடை வேண்டுவதன்று. பிறர் வினையின் அளவை நாம் அறியோம். நம் கையில் உள்ளது உதவியொன்றே. விழுந்தவனுக்கு உதவி வருதல் அவன் நல்வினைப் பயனாயின், அப்பயன் வரும் வாயில் நாமே. வாயிலை மூடினால் மூடிய வினை நம்மைச் சாரும். விபத்துற்றோர்க்கு உதவுவோர் வழக்கிற்கும் விசாரணைக்கும் அஞ்சிப் பின்வாங்காதிருத்தற்கு, 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134அ என்னும் பிரிவு சேர்ந்து, நல்லெண்ணத்தோடு உதவுவோர்க்குக் காப்பளித்தது. அச்சம் என்னும் சாக்கும் இனி இல்லை.

புதுவையார்க்கு இப்பொருளிற் பழக்கம் புதிதன்று. இந்நகரின் பழைய வேதபுரீசுரர் கோயில் 1748-ஆம் ஆண்டில், ஆங்கிலேயர் முற்றுகைக் காலத்தே, பிரெஞ்சுக்காரரால் இடிக்கப்பட்டது; அக்கொடுநிகழ்ச்சியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அக்காலத்துச் சைவர் ஊழென்று சொல்லிக் கைகட்டி இருந்திருப்பின், இன்று நாம் வழிபடும் திருக்கோயில் வேறிடத்தே எழுந்திராது. கோயிலைப் பெயர்த்தும் கட்டியவர் வழியில் வந்தோர், உடம்பாகிய கோயிலைச் சீர்செய்தற்கு அஞ்சுவது என்னை?

உடம்புக்கு நேர்ந்த ஊற்றை எவ்வாறு ஏற்பது என்பதற்கு இந்நகரிலேயே யாவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1910-ஆம் ஆண்டில் புதுவை வந்து தங்கிய அரவிந்தர், 1926 நவம்பர் முதல் தனிமையில் உறைந்தார். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள், விடிவதற்கு முன், தம் அறையில் நடந்தவர் ஆங்கு விரித்திருந்த புலித்தோலில் இடறி விழுந்தார். வலமுழங்கால் புலித்தலையில் மோத, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பு முறிந்தது. அன்று காட்சி தரவேண்டிய நாள். காணவந்த அன்பர்கள் காணாது மீண்டனர். அவர்தம் கொள்கை நம் சித்தாந்தத்தின் வேறு. யோக ஆற்றலில் அவர்க்கிருந்த நம்பிக்கையும் பலர் அறிந்தது. ஆயினும் அவர் மருத்துவரை விலக்கினாரல்லர். சென்னையிலிருந்து வல்லுநர் வரவழைக்கப்பட்டார், எக்ஸ்ரே எடுக்கப்பட்டது, கால் இழுகட்டில் வைக்கப்பட்டு, வாரக்கணக்கில் அசையாது கிடக்கும் கட்டளையை அவர் ஏற்றார். பின்னர்க் கோலூன்றி நடை பயின்றார். மருத்துவம் கற்ற நிரோத்பரன் முதலிய அன்பர் சிலர் அவர் அருகிருந்து தொண்டு செய்தனர். பன்னீராண்டு தனிமை அவர்பொருட்டு நெகிழ்ந்தது. 1939 ஏப்ரல் 24-ஆம் நாள் மீண்டும் காட்சி தந்தார். ‘ஆரியா’ என்னும் இதழில் முன்னர் எழுதிய ‘தெய்வ வாழ்க்கை’ திருத்தம் பெற்று 1939-40-இல் நூலாக வெளிவந்தது. ஊறு வந்த காலம் வீண்காலம் ஆகவேண்டும் என்பதில்லை. பிறர் கையில் தம்மை ஒப்படைத்தல் இழிவும் அன்று. கொள்கை வேற்றுமை கடந்து நாம் கொள்ளத்தக்கன இவையிரண்டும்.

இனி, அறுவைக்கு முன்னைய நிலையைச் சிறிது நோக்குவாம். தொடையெலும்பும் கணைக்காலெலும்பும் கூடுமிடம் முழங்கால். முன்னே சில்லும், இடையே பிறை வடிவான இரு குருத்தெலும்புத் தட்டுக்களும், எலும்புகளைப் பிணித்து நிற்கும் முதன்மையான நார்கள் நான்கும் உள. எலும்பு தோலைக் கிழித்து வெளிப்பட்டதாயின் மருத்துவர் காலந்தாழ்த்தார். உள்ளிருக்கும் நார் அறுந்ததாயினோ, உடனே அறுக்கப் புகாது பெரும்பாலும் சில வாரம் காத்திருப்பர். வீக்கம் வற்றி, கால் முற்ற நீளவும் ஓரளவு மடங்கவும் வந்த பின்னரே கத்தி எடுப்பர். விரைந்து அறுப்பின் மூட்டு இறுகிவிடும் என்பது அவர் பட்டறிவு. அக்காத்திருப்புக் காலத்தே நோயாளி வாளா கிடத்தலாகாது. படுக்காதிருப்பின் எளிதில் மெலிவது தொடையின் முன்தசை என்பர், படுத்திருப்பின் சொல்லவேண்டுவதில்லை. ஆதலின் முழங்காலைப் படுக்கையில் அழுத்தித் தசையை இறுக்கியும் தளர்த்தியும் நாடோறும் பயிலச் சொல்வர். இரத்தச் சருக்கரையை அடக்குவர், புகையிலையை விலக்குவர், பல்லிலும் தோலிலும் சீழ் உளதோ என்று ஆராய்வர், உண்ணும் மருந்துகளையெல்லாம் ஒளியாது உரைக்கச் சொல்வர். அறுவை நாளில், திட உணவை ஆறு மணி நேரம் முன்னரும் தெளிநீரை இரண்டு மணி நேரம் முன்னரும் நிறுத்துவது வழக்கம்.

இவற்றை நோக்குங்கால் சித்தாந்தம் கற்றார்க்குப் பரிபாகம் என்னும் சொல் நினைவிற்கு வரும். மலம் பக்குவப்படுமுன் சத்திநிபாதம் நிகழ்வதன்று. ஆசிரியன் ஆற்றலிலன் என்பதன்று காரணம். ஏற்கும் பொருள் ஏற்கும் நிலையை எய்தவில்லை என்பதே. காத்திருத்தல் கைவிடல் அன்று. பக்குவம் வருதற்கு மாணாக்கன் சரியை முதலியவற்றில் நின்று பயில்வதுபோல, நோயாளியும் தன் பங்கிற்குரிய சிறு தொழிலை நாடோறும் செய்தல் வேண்டும். பயிற்சியால் முழங்கால் குணமாகிவிடாது. பயிற்சியின்றிக் கத்தியாலும் முற்றக் குணமாகாது. முயற்சிக்கும் அருளுக்கும் உள்ள இயைபும் இத்தகையதே.

மயக்க மருந்து பற்றியும் ஒன்று கூறவேண்டும். 1846-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர் மருத்துவமனையில் ஈதர் என்னும் ஆவியால் மயக்கி அறுத்துக் காட்டிய பின்னரே, வலியறியா அறுவை உலகிற் பரவிற்று. துன்பத்தை நுகராது தப்பித்தல் ஆகாதோ என்பர் சிலர். நுகர்ச்சியின் அளவு இறைவன் கையில் உள்ளதென்று முன்னரே கூறினாம். வலி குறைதலும் அவன் கூட்டும் பயனே. ஆயின் இம்மயக்கம் நமக்குப் புகட்டும் பாடம் வேறொன்று. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் மெய்கண்ட தேவர், ‘எனது உடம்பு’ என்று பிரித்துக் கூறுதலும், உறங்கியவழி உண்டலும் தொழிலும் இன்மையும், உணர்த்தினால் உணர்தலும் முதலியவற்றை ஏதுவாகக் காட்டி, உடம்பின் வேறாய் உயிர் உண்டு என்று நிறுவினார். மயங்கிய நிலையில் மூச்சு ஓடுகின்றது, இரத்தம் ஓடுகின்றது, எலும்பு அறுபடுகின்றது, வலிப்பவர் இல்லை. உடம்பே உயிராயின் வலி இருந்தே தீரும். உயிர் தானே அறிவதாயின், கருவிகள் ஒடுங்கினும் அறிந்திருக்கும். இரண்டும் இல்லை. ‘என் முழங்கால்’ என்று நேற்றுக் கூறியவர் இன்று அதனை அறியாது கிடக்கின்றார். அவர் அறியாத அப்பொழுதும் அவரை அறிந்து நிற்பவன் ஒருவன் உளன். அவனை நம்பி விழிமூடுதற்கு அச்சம் வேண்டா.

முடிவில், அடியார்க்கு உண்மையாகவே உள்ளத்தை வருத்துவது வலியன்று. ‘இனித் திருமுன்னர் வீழ்ந்து வணங்க இயலுமோ? சம்மணமிட்டு அமர்ந்து பூசை ஆற்ற இயலுமோ? திருவீதி வலம்வர இயலுமோ?’ என்பதே அது. முழங்கால் மூட்டு முற்றும் மாற்றப்பட்டோரை மண்டியிடுதலும் ஆழக் குந்துதலும் தவிர்க்குமாறு மருத்துவர் பலர் அறிவுறுத்துவதுண்டு. சரியைத் தொண்டில் வாழ்ந்தவர்க்கு இஃது எளிய இழப்பன்று; ஆறுதல் மொழியால் மறைக்கத்தக்கதும் அன்று.

ஆயினும் அடியார் திருக்கூட்டத்தை நோக்குக. தண்டியடிகள் கண்ணின்றியே கயிறு தடவித் திருவாரூர்க் குளத்தைத் தோண்டினார். பூசலார் கல்லும் பொருளும் இன்றி நெஞ்சிற் கோயில் எடுக்க, இறைவன் அதற்கே முதலில் எழுந்தருளினான். திருநாவுக்கரசர் கயிலைக்குச் செல்லும் வழியில் அடி தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, உடல் தளர்ந்து கிடந்தபோது, இறைவன் அவ்வுடம்பின் அழிவை விரும்பினானல்லன். உறுப்புக்களை மீள நல்கி, பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச் செய்து, ஆங்கே கயிலைக் காட்சியை அருளினான். உடம்பு தேய்தலே தவமென்று கருதுவார்க்கு இஃது ஒரு தடை. உடம்பு குறைந்தது கொண்டு வழிபாடு குறைந்ததென்று கருதுவார்க்கு இஃது ஒரு தேற்றம்.

ஆகவே, வண்டி செலுத்துவோர் வினையென்னும் சொல்லை விடுத்து நிதானத்தைக் கைக்கொள்க. வழியிற் கண்டோர் அச்சொல்லை விடுத்துக் கை நீட்டுக. உற்றார் அச்சொல்லை விடுத்து மருத்துவரிடம் கொண்டு செல்க. படுத்திருப்போர் ஒருவரே அச்சொல்லை உரிமையோடு எடுத்து நெஞ்சில் வைத்து, வெகுளி தணிந்து, அறுவைக்கு உரியவாறு உடம்பைப் பேணுக. பேணிய கால் மடங்குமாயின் மடக்கி வணங்குக; மடங்காதாயின் நாற்காலியில் இருந்து கைகூப்புக. கூப்பிய கையை ஏற்பவன், முழங்காலின் அளவை நோக்குவான் அல்லன்.

திருச்சிற்றம்பலம்